ஆறு முறை தலைகீழ்: வோர்டெக்ஸ் ரோலர் கோஸ்டர் பிறந்ததும் ஓய்ந்ததும்

2019 அக்டோபர் 27ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்கு வடக்கே மேசன் என்ற ஊரில் உள்ள கிங்ஸ் ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில், வோர்டெக்ஸ் என்ற ரோலர் கோஸ்டர் கடைசியாக ஓடியது. 1987இல் திறக்கப்பட்டபோது, பயணியை ஒரே ஓட்டத்தில் ஆறு முறை தலைகீழாக்கிய உலகின் முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். 33 பருவங்களில் அது ஏற்றி இறக்கிய பயணங்களின் எண்ணிக்கை 4 கோடியே 50 லட்சத்தைத் தாண்டும். விபத்து எதுவும் அதை நிறுத்தவில்லை. அதன் ஆயுட்காலம் முடிந்துவிட்டது என்பதுதான் நிர்வாகம் சொன்ன காரணம்.

எஃகில் செய்து, ஆண்டுதோறும் பழுது பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்றிக்கொண்டே வந்த ஓர் இயந்திரத்துக்கு ஆயுட்காலம் முடிவது என்றால் என்ன பொருள்? அதே பூங்காவில் 1972இல் திறக்கப்பட்ட ரேசர், 1979இல் திறக்கப்பட்ட பீஸ்ட் ஆகிய இரண்டு மர ரோலர் கோஸ்டர்களும் வோர்டெக்ஸ் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மரம் நிற்கிறது, எஃகு போய்விட்டது. இதற்கான விடையை 2019இல் தேடிப் பயனில்லை. வோர்டெக்ஸை எந்த முறையில் கணக்கிட்டார்கள், எப்படி வளைத்தார்கள், எதற்காக அவ்வளவு விரைவாகக் கட்டினார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. சாதனை படைக்க உதவிய அதே முறைதான் அதன் வயதையும் குறித்துக் கொடுத்தது என்பது என் முடிவு.

வோர்டெக்ஸ் நின்ற இடத்துக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு இருந்தது. 1981இல் அங்கே பேட் என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. பேட் என்றால் வௌவால். பெயருக்கேற்ப, பெட்டிகள் தண்டவாளத்தின் மேல் ஓடாமல் அதற்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடின, வளைவுகளில் பக்கவாட்டில் வீசி ஆடின. தொங்கு ரோலர் கோஸ்டர் என்ற வகைக்கே நவீன காலத்தில் அதுதான் முதல் முயற்சி. அதைக் கட்டிய ஆரோ நிறுவனமே பின்னர் வோர்டெக்ஸையும் கட்டியது.

பேட் மக்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது ஓடிய நாட்களைவிட நின்ற நாட்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். தண்டவாளத்தை வளைவுகளில் சாய்க்காமல் தட்டையாகவே விட்டிருந்தார்கள். பெட்டி தானாகத்தானே ஆடிச் சாய்ந்துகொள்கிறது, தண்டவாளம் எதற்குச் சாய வேண்டும் என்பது அன்றைய எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் பெட்டி வெளிப்புறமாக வீசும்போது எழும் விசை முழுவதும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் மீதும், தொங்குகைகள் மீதும், தண்டவாளத்தைத் தாங்கிய எஃகுக் கட்டமைப்பின் மீதும் பக்கவாட்டில் விழுந்தது. பாகங்கள் அடிக்கடி தேய்ந்தன, ரயில் அடிக்கடி நின்றது. 1983ஆம் ஆண்டுப் பருவத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது, பிறகு பிரித்தெடுத்தார்கள். ஆனால் பயணிகள் ஏறி இறங்கும் நிலையத்தை இடிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே நிலையத்திலிருந்துதான் வோர்டெக்ஸ் புறப்பட்டது. பேட்டின் தூண்களைத் தாங்கிய கான்கிரீட் அடித்தளங்கள் சிலவும் மண்ணில் அப்படியே கிடந்தன.

கைவிட்ட அதே நிறுவனத்திடம் ஒரு பூங்கா மறுபடியும் ஏன் போனது என்று கேட்கத் தோன்றும். காரணம் எளிது. பயணியைத் தலைகீழாகச் சுற்றவைக்கும் எஃகு ரோலர் கோஸ்டர் வேண்டும் என்றால், அன்றைய அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஆரோதான். 1946இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கிய அந்த நிறுவனம், 1959இல் டிஸ்னிலாந்துக்காக மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ் சவாரியைக் கட்டியபோது, உருளை வடிவ எஃகுக் குழாயையே தண்டவாளமாக்கியது. இன்றைய எஃகு ரோலர் கோஸ்டர்கள் பெரும்பாலானவற்றின் மூதாதை அதுதான். மரச் சட்டத்தின் மேல் பட்டையான இரும்பைப் பதித்த பழைய தண்டவாளத்தை ஓரளவுக்கு மேல் முறுக்க முடியாது. குழாயையோ எந்தத் திசையிலும் வளைக்கலாம், முறுக்கலாம், அதைச் சுற்றிச் சக்கரங்களைக் கவ்வவைக்கலாம்.

அந்தக் கவ்வலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், பின்னால் சொல்லப்போவது முழுவதும் அதில்தான் தொங்குகிறது. எஃகு ரோலர் கோஸ்டரின் பெட்டியில் ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று திசைச் சக்கரங்கள் உண்டு. ஒன்று குழாயின் மேல் உருண்டு எடையைத் தாங்குகிறது. இன்னொன்று குழாயின் பக்கவாட்டில் உரசியபடி பெட்டி விலகாமல் வழி காட்டுகிறது. மூன்றாவது குழாயின் அடியில் நின்று, பெட்டி மேலே எழும்பவோ தலைகீழ் நிலையில் கழன்று விழவோ முடியாமல் பிடித்துக்கொள்கிறது. மூன்றும் குழாயை எப்போதும் இறுக்கிப் பிடித்திருந்தால் உராய்வில் ரயில் நின்றுவிடும், அதனால் சிறிதளவு இடைவெளி விட்டிருப்பார்கள். ரயில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது பக்கவாட்டுச் சக்கரம் அந்தச் சிறு இடைவெளியைக் கடந்து குழாயில் மோதுகிறது. வளைவு படிப்படியாகத் தொடங்கினால் அது மெல்லச் சாய்ந்து ஒட்டும். திடீரென்று தொடங்கினால் அது ஒரு குத்து, அந்தக் குத்து இருக்கை வழியாகப் பயணியின் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறுகிறது.

மனிதரைத் தலைகீழாகச் சுழற்றிப் பார்க்கும் ஆசை எஃகுக் குழாய்க்கும் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பாரிஸில் அப்படியொரு சுற்றுப்பாதையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இருந்த சீ லயன் பூங்காவில் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 அடி உயரத்தில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் முழு வட்டமாக ஒரு லூப். அதில் ஏறியவர்களுக்குக் கழுத்து வலியும் முதுகு வலியும் வந்தன, அது நீடிக்கவில்லை. 1901இல் அதே கோனி ஐலண்டில் எட்வின் பிரஸ்காட் கட்டிய லூப் த லூப் நீள்வட்ட வடிவில் இருந்ததால் உடலுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஒரு முறைக்கு நான்கு பேரை மட்டுமே ஏற்ற முடிந்ததால் வருமானம் போதவில்லை, சில ஆண்டுகளில் அதையும் மூடினார்கள்.

முழு வட்டம் ஏன் கழுத்தை முறித்தது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். வட்டத்தின் உச்சியில் பெட்டி விழாமல் இருக்கக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. அந்த வேகம் உச்சியில் மிஞ்ச வேண்டுமானால், அடியில் நுழையும்போது வேகம் அதைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், வட்டம் சிறியதோ பெரியதோ, அடியில் நுழையும் கணத்தில் பயணி தன் எடையைப்போல் ஆறு மடங்கு எடையை உணர்கிறார். அதுவும் நேர்ப்பாதையிலிருந்து ஒரு நொடிக்குள். வேகம் அதிகமாக உள்ள அடிப்பகுதியில் வளைவை அகலமாகவும், வேகம் குறைந்துவிடும் உச்சியில் வளைவைக் குறுகலாகவும் அமைத்தால் இந்தச் சுமை பாதியாகக் குறையும். கண்ணீர்த் துளியைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் இன்று பெரும்பாலான லூப்புகள் இருப்பதற்கு இதுதான் காரணம். ரயில்வே பொறியாளர்கள் நேர்ப்பாதையை வளைவோடு இணைக்க நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த குளோத்தாய்டு என்ற சுருள் வளைவை லூப்புக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர்களான அன்டன் ஷ்வார்ஸ்கோப்பும் வெர்னர் ஸ்டெங்கலும். அவர்கள் 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் கட்டிய ரெவல்யூஷன்தான் செங்குத்து லூப் கொண்ட முதல் நவீன ரோலர் கோஸ்டர்.

ஆனால் நவீன காலத்தில் முதலில் தலைகீழாக்கிய பெருமை ஆரோவுக்கே உரியது. ரெவல்யூஷனுக்கு ஓராண்டு முன்னதாக, 1975இல், கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் அது கார்க்ஸ்க்ரூவைத் திறந்தது. புட்டியின் தக்கையை எடுக்கும் திருகாணியைப்போல், முன்னோக்கி நகர்ந்துகொண்டே ஒரு முழுச் சுழற்சி சுழலும் தண்டவாளம் அது. செங்குத்து லூப் அளவுக்கு உயரமும் வேகமும் அதற்குத் தேவைப்படவில்லை. முக்கியமாக, ஒரு முறை வடிவமைத்து முடித்த அந்தத் திருகை, வெட்டி ஒட்டுவதுபோல் அடுத்தடுத்த பூங்காக்களுக்கு எடுத்துச் சென்று பொருத்த முடிந்தது. ஆரோவின் வணிகம் இதன் மேல்தான் வளர்ந்தது. பிறகு லூப்பும் அதன் கைக்கு வந்தது. 1978இல் வர்ஜீனியாவின் லாக் நெஸ் மான்ஸ்டரில் இரண்டு லூப்புகளைச் சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டியது. 1980இல் கரோவிண்ட்ஸ் பூங்காவில் நான்கு தலைகீழ்ச் சுற்றுகள், 1982இல் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக்கில் ஐந்து. இந்த எண்ணிக்கைப் பந்தயத்தில் அடுத்த படி ஆறு, அதைத்தான் கிங்ஸ் ஐலண்ட் வாங்கியது.

இந்தக் கோஸ்டர்களுக்குப் பின்னால் இருந்த பொறியாளர் ரான் டூமர். விண்வெளித் துறையில் அப்போலோ விண்கலத்தின் வெப்பக் கவசம் தொடர்பான பணியில் இருந்தவர். 1965இல் ஆரோவில் சேர்ந்து, அடுத்த ஆண்டு டெக்சாஸில் திறக்கப்பட்ட ஒரு சுரங்க ரயில் கோஸ்டரில் தொடங்கி எண்பதுக்கும் மேற்பட்ட கோஸ்டர்களை உருவாக்கினார். துணி மாட்டும் கம்பியை வளைத்துத் தண்டவாளத்தின் மாதிரியைச் செய்து பார்ப்பது அவர் வழக்கம். தலைசுற்றல் தொல்லை இருந்ததால் தான் படைத்தவற்றில் அவர் அதிகம் ஏறியதில்லை. கணினி மேசைக்கு மேசை வராத காலத்தில், கையால் கணக்கிட்டு, கண்ணால் அளந்து, இவ்வளவு பெரிய எஃகு வடிவங்களை நிலைநிறுத்திய அந்தத் தலைமுறைக்கு உரிய மரியாதையை, அவர்களுடைய கோஸ்டர்கள் கரடுமுரடானவை என்ற ஒரே சொல்லால் இன்றைய ரசிகர்கள் பறித்துக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆனால் அந்தச் சொல் பொய்யும் அல்ல.

வோர்டெக்ஸ் 1987 ஏப்ரலில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 40 லட்சம் டாலர். உச்சி உயரம் 148 அடி, முதல் சரிவு 138 அடி, தண்டவாளத்தின் நீளம் 3,800 அடி, அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். ஒரு ரயிலில் ஏழு பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு இருவர், ஆக 28 பேர். ஓட்டம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்தான்.

அந்த இரண்டரை நிமிடத்தில் கணிசமான பகுதி ஏற்றத்திலேயே போய்விடும். சங்கிலி ரயிலை மேலே இழுக்கும்போது, ஏற்றத்தின் நடுவே பொருத்திய பற்சட்டத்தின் மேல், பெட்டிக்கு அடியில் உள்ள எஃகு நாக்குகள் ஒவ்வொரு பல்லாக ஏறி விழும். டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் கேட்கும் அந்தச் சத்தத்தைப் பயமுறுத்துவதற்காக வைத்ததாகச் சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது காவல். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னோக்கி ஓடாமல் கடைசியாக ஏறிய பல்லிலேயே நாக்கு மாட்டி நின்றுவிடும். உச்சியில் தாளம் நிற்கும்போதுதான் பயணிக்குத் தெரியும், இனிமேல் சங்கிலியும் இல்லை, நாக்கும் இல்லை, புவியீர்ப்பு மட்டுமே என்று.

முதல் சரிவுக்குப் பிறகு ஒரு மேடேறித் திரும்பி இரண்டு செங்குத்து லூப்புகள் அடுத்தடுத்து வரும். பிறகு ஓட்டத்தின் நடுவில் ஒரு பிரேக் தளம். முன்னே போன ரயில் அடுத்த பகுதியைக் கடந்து முடிக்காவிட்டால் பின்னே வருவதை இங்கே நிறுத்திவிடலாம் என்பதற்கான ஏற்பாடு அது. அதைத் தாண்டி இரண்டு கார்க்ஸ்க்ரூக்கள், அதன்பின் பூமராங். பூமராங் என்பது ரயிலை மேலே ஏற்றித் தலைகீழாக்கி, வந்த திசைக்கே திருப்பிக்கொண்டே மீண்டும் ஒருமுறை தலைகீழாக்கி இறக்கும் அமைப்பு. பார்வைக்கு ஒரே உறுப்பு, கணக்கில் இரண்டு. இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. கடைசியில் தரையை ஒட்டி ஒரு சுருள் வளைவு, பிறகு நிலையம். பூமராங் வடிவத்தையும் ஆரோ ஏற்கெனவே 1980இல் கன்சாஸ் சிட்டியின் ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் செய்து பார்த்திருந்தது. ஆக வோர்டெக்ஸில் புதிய உறுப்பு என்று எதுவும் இல்லை. தெரிந்த உறுப்புகளைப் புதிய எண்ணிக்கையில் கோத்ததுதான் அதன் சாதனை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்து பழகிய வடிவங்கள் கையில் இருந்ததால்தான் உலக சாதனை ஒன்றை அந்த விலைக்கு ஒரு பூங்காவால் வாங்க முடிந்தது.

(பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. வோர்டெக்ஸ் என்ற பெயரில் வேறு கோஸ்டர்களும் உண்டு. 1991இல் கனடாஸ் வொண்டர்லாந்து பூங்காவிலும், அதே ஆண்டு கலிபோர்னியாஸ் கிரேட் அமெரிக்காவிலும், 1992இல் கரோவிண்ட்ஸிலும் இதே பெயர் சூட்டப்பட்டது. முதலாவது தொங்கு கோஸ்டர், மற்ற இரண்டும் அப்போது நின்றுகொண்டே பயணிப்பவை. அவற்றின் படங்களை ஒஹாயோவின் வோர்டெக்ஸ் என்று போட்டுவிடும் பிழை அடிக்கடி நேர்கிறது.)

சிக்கல் உறுப்புகளில் இல்லை, உறுப்புகளை இணைத்த இடங்களில் இருந்தது. மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவர் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக ஒடிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வளைவின் நடுவில் முழுமையாக்கி, மீண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறார். தண்டவாளத்துக்கும் அதே நியாயம்தான். ஆரோவின் அன்றைய முறையில் நேர்த்துண்டுகளும் வட்ட வில்துண்டுகளும் அருகருகே வந்து சேர்ந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தூரம் மிகக் குறைவு. செங்குத்து லூப்புக்குள் சுருள் வளைவின் பாடத்தை ஏற்றுக்கொண்ட அவர்கள், லூப்பிலிருந்து வெளியேறி அடுத்த திருப்பத்துக்குப் போகும் இடங்களுக்கு அதே அக்கறையை விரிக்கவில்லை. கைக்கணக்கில் அது பெரும் பாடு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று சுழற்சியின் அச்சு. ஒரு கம்பத்தின் அடியைப் பிடித்துச் சாய்த்தால் நுனி வெகுதூரம் வீசும், நடுவைப் பிடித்துச் சாய்த்தால் இரண்டு முனைகளும் கொஞ்சமாக நகரும். தண்டவாளம் சாயும்போது அது தன்னையே அச்சாகக் கொண்டு சாய்ந்தால், அதற்குச் சில அடி மேலே இருக்கும் பயணியின் தலைதான் பக்கவாட்டில் வீசப்படும். பயணியின் மார்பு உயரத்தை அச்சாக வைத்து, அதைச் சுற்றித் தண்டவாளம் சுழலுமாறு வடிவமைத்தால் தலை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் பின்பற்றத் தொடங்கிய இந்த இதயக்கோட்டுக் கணக்கு வோர்டெக்ஸில் இல்லை. அதனால் கார்க்ஸ்க்ரூவுக்குள் நுழையும்போது தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் போகும், இரு தோள்கள் மீதும் இறங்கியிருக்கும் தடுப்பில் காது மோதும். வோர்டெக்ஸில் போனவர்கள் பலரும் முதலில் சொல்வது காது வலியைத்தான். தலையைத் தடுப்பை விட்டு முன்னுக்குச் சாய்த்து வைத்துக்கொள்ளும் உத்தியைப் பழகியவர்களுக்கு அது ஓரளவு தப்பியது.

தன் எண்ணிக்கைச் சாதனையை வோர்டெக்ஸ் வைத்திருந்தது ஓராண்டுதான். 1988இல் சிகாகோ அருகே சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் ஆரோவே ஷாக்வேவைக் கட்டி, ஏழு சுற்றுகளையும் 170 அடி உயரத்தையும் எட்டியது. 1989இல் நியூ ஜெர்சியில் கிரேட் அமெரிக்கன் ஸ்க்ரீம் மெஷின், 1990இல் மேஜிக் மவுண்டனில் 188 அடி உயர வைப்பர் ஆகியவை அதே அச்சில் வந்தன. எண்ணிக்கை ஏழிலேயே நின்று, உயரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. வேகம் கூடக்கூட, முன்பு சொன்ன குத்துகளும் வலுத்தன.

அதே 1988இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் போலிகரும் குளோட் மபிலார்டும் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் கோஸ்டரான அயர்ன் வுல்ஃப் 1990இல் ஷாக்வேவ் நின்ற அதே பூங்காவிலேயே திறக்கப்பட்டது. 1993இல் புளோரிடாவில் அவர்கள் திறந்த கும்பாவும் ஏழு முறை தலைகீழாக்கியது, ஆனால் பயணிகளின் காதுகளுக்கு அதில் அடி விழவில்லை. சிகாகோ அருகே ஒரே பூங்காவில் பழைய முறையும் புதிய முறையும் நின்றபோது, வரிசையில் நிற்பவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. 1992இல் வர்ஜீனியாவில் ஆரோ கட்டிய டிராகன் ஃபயர் ஆறே ஆண்டுகளில், 1998இல், மூடப்பட்டது. ஷாக்வேவ் 2002இலும், ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் 2003இலும், ஸ்க்ரீம் மெஷின் 2010இலும் போயின. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 2019 வரை ஓடிய வோர்டெக்ஸ் தன் உடன்பிறப்புகளில் பலவற்றைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. அதன் உயரமும் வேகமும் அவற்றைவிடக் குறைவாக இருந்தது அதற்குக் கைகொடுத்தது என்று கருதுகிறேன்.

ஆரோவால் வழவழப்பான கோஸ்டரைக் கட்ட முடியவே முடியாது என்று சொல்பவர்கள் டென்னசி டொர்னேடோவைப் பார்க்க வேண்டும். 1999இல் டாலிவுட் பூங்காவுக்காக, ஆலன் ஷில்கி என்ற பொறியாளரின் கணினி வடிவமைப்பில் உருவான அது, அதே நிறுவனத்தின் கையிலிருந்து வந்ததா என்று வியக்கவைக்கும் அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆக, குறை எஃகிலும் இல்லை, பட்டறையிலும் இல்லை, கணக்கிடும் முறையில்தான் இருந்தது என்பதற்கு ஆரோவே சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சாட்சி காலந்தாழ்ந்து வந்தது. 2001 இறுதியில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது, 2002இல் அதன் சொத்துகளை யூட்டா மாநிலத்தின் எஸ் அண்ட் எஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இனி ஆயுட்காலத்துக்கு வருவோம். ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் அது முறிவதில்லை. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், ஒவ்வொரு முறையும் போட்ட விசை சிறிதாக இருந்தாலும், ஒரு நேரத்தில் முறிகிறது. எஃகின் இந்தக் களைப்பு வெளியே தெரியாது. பற்றவைத்த மூட்டின் ஓரத்திலோ, தூணும் தண்டவாளமும் சேரும் தகட்டிலோ, மயிரிழையைவிட மெல்லிய விரிசலாகத் தொடங்கி உள்ளே நகரும். வோர்டெக்ஸின் பயண எண்ணிக்கையை 28ஆல் வகுத்துப் பாருங்கள். எல்லா இருக்கைகளும் எப்போதும் நிறைந்தே ஓடியதாக வைத்துக்கொண்டாலும், குறைந்தது 16 லட்சம் முறை ரயில் அந்தப் பாதையைச் சுற்றியிருக்கிறது. ஏழு பெட்டிகள் என்றால், கார்க்ஸ்க்ரூவின் வாயிலில் இருந்த அந்த ஒரு மூட்டு ஒரு கோடி முறைக்கும் மேல் அடி வாங்கியிருக்கிறது. வளைவு மெல்லத் தொடங்கியிருந்தால் அது சாய்ந்து நெருக்கும் சுமையாக இருந்திருக்கும். திடீரென்று தொடங்கியதால் அது ஒவ்வொரு முறையும் மோதல். பயணியின் காதில் பட்ட அதே அடிதான் எஃகிலும் பட்டது. பயணியாவது இறங்கிப் போய்விட்டார்.

ஒஹாயோவில் இத்தகைய பூங்காக்கள் குளிர்காலத்தின் பெரும்பகுதி மூடியிருக்கும். அந்த மாதங்களில்தான் பெட்டிகளை முழுவதுமாகப் பிரித்து, அச்சுகளையும் சக்கரத் தாங்கிகளையும் கழற்றி, காந்தத் துகள் முறையாலும் மீயொலியாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைத் தேடுவார்கள். பெட்டியின் பாகங்களை மாற்றலாம், தனித் தண்டவாளத் துண்டையும் மாற்றலாம். ஆனால் செய்த நிறுவனமே இல்லாத நிலையில், ஒவ்வொரு வளைந்த துண்டையும் தனியாகச் செய்ய வேண்டும். ஓர் எல்லைக்கு மேல், மாற்றவேண்டிய துண்டுகளின் செலவு புதிய கோஸ்டரின் செலவை நோக்கி நகர்கிறது. மர கோஸ்டரில் நிலைமை வேறு. அங்கே ஆண்டுதோறும் கொஞ்சம் பலகையை மாற்றுவதுதான் பராமரிப்பே, தச்சர்களும் மரமும் உள்ளூரிலேயே கிடைப்பார்கள், நாற்பது ஆண்டுகளில் கோஸ்டரின் பெரும்பகுதி புதிய மரமாகிவிடும். ரேசரும் பீஸ்டும் நிற்க, வோர்டெக்ஸ் போனதன் விளக்கம் இதுதான்.

வேறு பூங்காவுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நாட்ஸ் பெர்ரி ஃபார்மின் அந்த முதல் கார்க்ஸ்க்ரூ அப்படித்தான் 1990இல் ஐடஹோ மாநிலத்தின் சில்வர்வுட் பூங்காவில் மறுவாழ்வு பெற்றது. ஆனால் அது சமதளத்துக்கான சிறிய கோஸ்டர், அப்போது அதன் வயது பதினைந்து. வோர்டெக்ஸோ கிங்ஸ் ஐலண்டின் மேடுபள்ளத்துக்கென்றே தூண்களின் உயரம் அளந்து கட்டியது, வயது 32. களைத்துப்போன எஃகை இடம் மாற்றினாலும் களைப்பு கூடவே வரும்.

2019 செப்டம்பர் இறுதியில் ஓய்வுச் செய்தியை அறிவித்து, ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். பேட் பழுதாகி நின்றது, நின்றபடியே மறைந்தது. அதை நேசித்தவர்கள் கடைசி முறை ஏறுகிறோம் என்று தெரியாமலேயே கடைசி முறை ஏறியிருந்தார்கள். வோர்டெக்ஸின் ரசிகர்களுக்கு அந்த ஒரு மாதம் கிடைத்தது. சிறுவயதில் முதல் முறை தலைகீழானது இதில்தான் என்று சொல்லிக்கொண்டு, தங்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்து, பேட்டின் பழைய நிலையத்துக்குள் வரிசையில் வந்து நின்றார்கள்.

வோர்டெக்ஸைப் பிரித்து அகற்றியபோது அதனோடு ஆறு சுற்றுகளும் போயின, ஆனால் பேட் முழுவதுமாகப் போகவில்லை. 1993இல் அதே பூங்காவின் வேறொரு பகுதியில் ஆரோ இன்னொரு தொங்கு கோஸ்டரைக் கட்டியிருந்தது. டாப் கன், பிறகு ஃபிளைட் டெக் என்று பெயர் மாறிவந்த அதற்கு 2014இல் பேட் என்றே பெயர் சூட்டினார்கள். மரங்களுக்கு நடுவே அதன் பெட்டிகள் இன்றும் பழையதைப்போலவே பக்கவாட்டில் வீசி ஆடுகின்றன. ஆனால் அவற்றுக்கு மேலே உள்ள தண்டவாளம், முதல் பேட்டில் இல்லாதபடி, ஒவ்வொரு வளைவிலும் சாய்த்துப் போடப்பட்டிருக்கிறது.